கவுத்தி வச்ச கிண்ணம்

டோக்கன் நம்பர் எழுபத்தி மூணு. பத்திரமா வச்சிக்கிடுங்க சார். தொலச்சிட்டு வந்து 'கறுப்புச் செருப்பு, வார் வச்சது'ன்னு அடையாளம் சொன்னா, இங்க நாப்பது ஜோடி கறுப்புச் செருப்பு வார் வச்சதுதான் கெடக்கு. அப்புறம் நான் பொறுப்பில்ல.

நீங்க உள்ள போகலயா? முட்டி வலியா. ஆமா, அம்மன் சந்நிதிய நூத்தியெட்டு சுத்து சுத்தணும்னா முட்டி நம்ம பேச்சக் கேக்கணும்லா. அம்மா மெதுவா சுத்திட்டு வரட்டும். எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. பானையில தண்ணி இருக்கு, வேணும்னா மோந்து குடிங்க. பானை கோயில் பானை இல்ல, நானா வாங்கி வச்சது. செருப்புக் கடைக்கு எதுக்குவே தண்ணிப் பானைன்னு எல்லாரும் கேக்கான். காரணம் இருக்கு. சொல்லுதேன்.

என்னயப் பாத்தா செருப்புக்கு டோக்கன் குடுக்குற ஆளு மாதிரியா இருக்கு? நான் இந்தக் கோயில் உக்கிராணத்துல பதினெட்டு வருசம் இருந்தவன் சார். உக்கிராணம்னா சாமான் வைக்கிற அறை. அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாத்துக்கும் சாவி இந்த இடுப்புலதான் தொங்கும். அந்தா ஓடு போட்ட கட்டடம் தெரியுதுல்லா, அதான் அன்னதானக் கூடம். தெனமும் மத்தியானம் நூறு பேரு சாப்பிடுவாவ. அதுக்கு அளந்து குடுக்குறது என் வேலை. நம்பிராஜன்னு கேட்டா அப்பம் தெரியாத ஆளு கெடயாது. இப்பமும் தெரியும். அது வேற கதை.

பதினெட்டு வருசத்துல எம்மேல ஒரு சொல்லு விழுந்தது கெடயாது. எப்படின்னு கேளுங்க. எனக்கு எது வேலையோ அத மட்டும் செய்வேன். ஒருநா காலையில யாரோ கொழாயத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான். பத்து மணிலேருந்து தண்ணி ஓடுது. நான் உக்கிராணத்து வாசல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கொழா பாக்குறதுக்குன்னு ஒரு ஆளு சம்பளம் வாங்குதான்லா. அவன் மூணு மணிக்கு வந்து அடச்சான். நான் போயி அடச்சு, திருகு ஒடஞ்சு போயிருந்தா? 'நம்பிராஜன் ஒடச்சான்'ம்பாவ. ஊரு வாய மூட ஒல மூடி கெடயாது. சும்மா இருக்கிறவன ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது சார். நான் கண்டுபிடிச்ச உண்மை அது.

என்னயக் கெடுத்தது ஒரு வகுப்பு.

எங்க செயல் அலுவலர் ஒரு பொம்பளப் பிள்ளை. முப்பது வயசு இருக்கும். மேடம் வந்த நாள்லேருந்து எதுக்கெடுத்தாலும் 'இதுக்கு யாரு பொறுப்பு'ன்னு கேப்பாவ. எங்க கோயில்ல அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், 'அவர் இப்பதான் வெளிய போனாரு'. மேடம் கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்துட்டு, நிரந்தரப் பணியாளர் எல்லாத்தையும் ஒரு வேன்ல ஏத்தி டவுனுக்கு வகுப்புக்கு அனுப்பிட்டாவ. கல்யாண மண்டபத்துல வகுப்பு. 'பணியிடத்தில் பொறுப்பேற்போம்'னு பேனர். ஒருத்தர் கோட்டு போட்டு, காதுல மைக்க மாட்டிக்கிட்டு மேடையில அங்கயும் இங்கயும் நடக்காரு. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்காரு. பாக்க எனக்குக் கழுத்து வலிச்சிட்டு.

ஆளாளுக்கு அவங்கவங்க நெஞ்சுல கை வைக்கச் சொன்னாரு. வச்சோம். பொறவு ஒரு பலூன ஊதி விட்டாரு. பலூன்தான் பொறுப்பாம். கீழ விழாம தட்டணும், யாரு பக்கத்துல விழுதோ அவன் அவுட்டு. நான் ரெண்டு தூணுக்கு நடுவுல போயி நின்னுக்கிட்டேன். பலூன் எம்பக்கம் வரவே இல்ல. கடைசில எல்லாரும் அவுட்டு, நான் மட்டும் நிக்கேன். கோட்டுக்காரரு என் கையப் பிடிச்சுத் தூக்கி, 'கடைசி வரைக்கும் பொறுப்பைத் தவற விடாத மனிதர்'னு சொல்லி ஒரு பேட்ஜ் குத்தி விட்டாரு சார். மண்டபமே கை தட்டிச்சு.

சிரிக்காதீங்க. நாப்பது வயசுக்கு மேல ஒரு மனுசனுக்குக் கைதட்டு கெடைக்கிறது லேசுப்பட்ட காரியமா? எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டு. வேன்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன், இனி நம்பிராஜன் பழைய நம்பிராஜன் இல்லன்னு.

அங்க கேட்டத யாருக்காவது சொல்லணும்லா. கெடச்சவ செண்பகவடிவு.

வடிவு காய் நறுக்குறவ, பாத்திரம் கழுவுறவ. தெனக்கூலி. ஏழு வருசமா தெனக்கூலி. ரெண்டு பொம்பளப் பிள்ளைய. புருசன் இல்ல. மூத்தது நர்சிங் படிக்கு. அந்த மாசந்தான் அவளுக்கு ஒரு விடிவு வந்திருந்தது. தெனக்கூலியா இருக்குறவங்கள நிரந்தரமாக்க ஒரு பட்டியல் மேலிடத்துக்குப் போவுது, அதுல மேடம் இவ பேர மொதப் பேரா எழுதியிருந்தாவ. ஒண்ணாந் தேதி அனுப்பணும். அதுக்குள்ள அவ பேருல ஒரு சின்னக் கறை விழுந்தாலும் பேர அடிச்சிருவாவ. அது அவளுக்கும் தெரியும், எங்க எல்லாருக்கும் தெரியும். அதனால அவ தரையில நடக்குறதே சத்தமில்லாம நடப்பா.

தெனக்கூலிக்கு வகுப்பு கெடயாதுன்னு அவள வேன்ல ஏத்தல. நான் பேட்ஜக் குத்திக்கிட்டு அவ முன்னால நின்னு, கோட்டுக்காரரு மாதிரியே அங்கயும் இங்கயும் நடந்து, முழு வகுப்பையும் எடுத்துட்டேன். 'வடிவு, சொல்லட்டும்னு காத்திருக்கக் கூடாது. கண்ணுல பட்ட வேலைய நம்ம வேலையா நெனச்சுச் செஞ்சிரணும்'னேன். அவ கத்திரிக்காய வச்சுட்டு வாயப் பொளந்து கேட்டா. "அப்ப யாரும் சொல்லுததுக்கு முன்னாலயே செய்யணும். அப்படித்தானண்ணே?" "அதேதான் பிள்ளை"ன்னேன். அவ்வளவுதான். தேளுக்குக் கொடுக்கு நானே ஒட்ட வச்சுட்டேன்.

இப்பம் உப்பு விசயத்துக்கு வாரேன். இது வெளங்கணும், இல்லன்னா கதையே வெளங்காது. அன்னதானச் சோறுன்னாலும் மொதல்ல அம்மனுக்குப் படைச்சிட்டுத்தான் மனுசனுக்குப் போடணும். அதனால சமைக்கிறவரு ருசி பாக்கக் கூடாது. சாமி வாயில வைக்கிறதுக்கு முன்னால நம்ம வாயில வைக்கலாமா? எங்க தலைமைச் சமையல் கோமதிநாயகம் அண்ணாச்சி. முப்பத்தோரு வருசம். அண்டாவுக்கு மேல முகத்த நீட்டி ஆவியப் பிடிச்சே உப்புச் சொல்லிருவாரு. அப்படி ஒரு மூக்கு. ஆனாலும் மறந்துறக் கூடாதுன்னு அவரு வச்சிருந்த அடையாளம் ஒரு வெங்கலக் கிண்ணம். அடுப்பு மேடையில, உப்புச் சாடி பக்கத்துல இருக்கும். ஒரு அண்டா சாம்பாருக்கு அந்தக் கிண்ணத்துல குவிச்சு ஒரு கிண்ணம் கல்லுப்பு. போட்ட ஒடனே கிண்ணத்தக் கவுத்தி வச்சிருவாரு. கிண்ணம் கவுந்திருந்தா உப்புப் போட்டாச்சு. நிமிந்திருந்தா இன்னும் போடல. முப்பத்தோரு வருசமா அந்தக் கிண்ணத்த அவரத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல. சந்நிதியில தப்பு நடந்திருக்கு, சமையக்கட்டுல உப்புத் தப்பு நடந்ததில்ல.

வகுப்பு முடிஞ்ச நாலாம் நாளு. ஒரு செங்கல்சூளை மொதலாளி, பேரனுக்கு மொதப் பொறந்தநாளு, அன்னைக்கு அன்னதானம் அவரு உபயம். நூறு பேருக்குப் பதிலா எரநூறு பேரு. பாத்து அன்னைக்குன்னு அண்ணாச்சிக்கு ஜலதோசம். மூக்கு ரெண்டும் அடப்பு. இருந்தாலும் மனுசன் வந்துட்டாரு. சாம்பாரு கொதிக்கு. ஒரு கிண்ணம் உப்பப் போட்டாரு, கிண்ணத்தக் கவுத்தினாரு, தும்மல் வந்துட்டு. அம்மனுக்கு ஆகுற எடத்துல தும்மலாமா? துண்டால மூக்கப் பொத்திக்கிட்டுக் கொல்லப் பக்கம் ஓடிட்டாரு.

அந்த நேரம் பாத்து வடிவு உள்ள வாரா. கவுந்து கெடக்குற கிண்ணத்துல உப்புக் கறை படிஞ்சிருக்கு. முன்னால எல்லாம் அவ அதத் தொட மாட்டா. இப்பந்தான் நம்பி அண்ணன்கிட்ட பாடம் படிச்சிருக்கால்லா. எடுத்துப் புளியப் போட்டு வெளக்கி, தங்கம் மாதிரி ஆக்கி, நல்லா நிமித்தி, சாடி பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டா.

அடுத்தாப்புல நான் வாரேன். பெருங்காயம் குடுக்க வந்தேன். பாக்கேன், கிண்ணம் நிமிந்து பளபளன்னு இருக்கு. அண்ணாச்சியக் காணல. பழைய நம்பிராஜன்னா பெருங்காயத்த வச்சிட்டு வந்த வழிய பாத்துப் போயிருப்பான். ஆனா நெஞ்சுல பேட்ஜு குத்துது. எரநூறு பேரு சாப்பாடு, மனுசன் உப்புப் போட மறந்துட்டாரே, நம்மதான் காப்பாத்தணும்னு, குவிச்சு ஒரு கிண்ணம் எடுத்துப் போட்டேன் சார். அளவு துல்லியம். கூடக் கொறய இல்ல. இன்னைக்கும் சொல்லுதேன், நான் போட்ட உப்பு சரியான உப்பு. அதுல ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கிண்ணத்தக் கவுத்தணும்னு தோணல. நமக்கு அது பழக்கமில்லல்லா. வச்ச மாதிரியே வச்சிட்டு, ஒரு புண்ணியம் செஞ்ச நெனப்புல வந்துட்டேன்.

அண்ணாச்சி ஒம்பது தும்மல் தும்மிட்டு வந்தாரு. பாக்காரு. கிண்ணம் நிமிந்திருக்கு. மூக்கும் வேலை செய்யல. இன்னொரு கிண்ணம் போட்டாரு. கவுத்தினாரு.

ஆக மூணு.

இதெல்லாம் பொறவு ஒண்ணொண்ணா தெரிஞ்சது. அன்னைக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. பட்டரு வந்து ஒரு தூக்குல சாம்பார வாங்கிட்டுப் போயி அம்மனுக்குப் படைச்சாரு. அம்மன் ஒண்ணும் சொல்லல. பெரிய மனுசங்க எப்பமும் பெரிய மனுசங்கதான்.

பந்தி ஒக்காந்தது. சோறு, சாம்பாரு. மொதக் கவளம் வாயில வச்ச ஒடனே கூடமே அமைதி ஆயிட்டு. நான் என்னமோ ருசியில மயங்கிட்டாவன்னு நெனச்சேன். பிரசாதத்தக் கொற சொல்லக் கூடாதுல்லா சார். ஒருத்தரும் சொல்லல. ஆனா 'தண்ணி'ன்னு ஒரு சத்தம். அந்தப் பக்கம் 'தண்ணி'. 'மோரு இருக்கா?' 'வெறுஞ்சோறு கொஞ்சம்.' செங்கல்சூளை மொதலாளி மூணு செம்பு தண்ணி குடிச்சாரு. அவரு மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு, அவரு ஒரு வாய் தின்னுட்டு கையக் கழுவிக்கிட்டே இருந்தாரு, ரொம்ப நேரம். கடைசில ஒரு சின்னப் பொம்பளப் பிள்ளைதான் ஒடச்சிது. 'தாத்தா, சாம்பாரு கரிக்கு'ன்னிட்டு. அது சொன்னதும் எரநூறு பேரும் மூச்சு விட்டாவ.

மொதலாளி நல்ல மனுசன், ஒரு வார்த்த திட்டல. வாசல்ல பார்வையாளர் கருத்துன்னு ஒரு நோட்டு கெடக்கும். அதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. 'உணவு நன்று. தண்ணீர் அதைவிட நன்று.' அதை எவனோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல விட்டான். சாயங்காலம் மேலிடத்துலேருந்து மேடத்துக்கு போன். என்ன நடந்தது, யாரு பொறுப்பு, மூணு நாளுல அறிக்கை வேணும்.

மறுநா ஆபீஸ்ல விசாரணை. நாங்க மூணு பேரும் வரிசையா நிக்கோம். மேடம் பேனாவத் தொறந்து வச்சிக்கிட்டு, "யாரு என்ன செஞ்சீங்கன்னு அப்படியே சொல்லுங்க"ன்னாவ. அண்ணாச்சி, "முப்பத்தோரு வருசமா போடுத மாதிரித்தான் போட்டேன்"ன்னாரு. எத்தன தடவன்னு மேடம் கேக்கல, அவரும் சொல்லல. மொகம் மட்டும் செத்துப் போயிருந்தது. எம்பக்கம் திரும்பினாவ. நான், "உப்பு சமையக்கட்டுச் சமாச்சாரம், நமக்கு உக்கிராணம்"ன்னேன். பொய்யில்ல சார், யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்த பொய்யில்ல.

வடிவுகிட்ட கேக்கல. கேக்குறதுக்கு முன்னால அவளே சொல்லிட்டா.

"கிண்ணத்த நான்தான் மேடம் கழுவினேன். நிமித்தி வச்சதும் நான்தான். என் தப்புதான்."

ஒன்னய யாரு அதத் தொடச் சொன்னான்னு மேடம் கேட்டாவ. "யாரும் சொல்லல மேடம். சொல்லுததுக்கு முன்னாலயே செய்யணும்னு தெரிஞ்சிக்கிட்டேன்"ன்னா. எம்பேரச் சொல்லல. திரும்பி என்னயப் பாக்கக் கூட இல்ல.

நான் பேசணும்னு வாயத் தொறந்தேன் சார். சத்தியமா தொறந்தேன். கொட்டாவி வந்துட்டு. மேடம் பேனாவ எடுத்து அவ பேர எழுதிட்டாவ. எழுதும்போது அவங்களுக்கும் மனசில்ல, பேனா மெதுவாத்தான் போச்சு. ஆனா ஒருத்தி தானே ஒத்துக்கிட்ட பொறவு என்ன செய்ய? வெளிய வந்து பேட்ஜக் கழத்தி ரவா டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன்.

ரெண்டு நாளு ஓடிச்சு. நான் எனக்குள்ளயே வாதாடிக்கிட்டு இருந்தேன். அவ கழுவலன்னா நான் போட்டிருக்க மாட்டேன், சரிதானா? அண்ணாச்சி தும்மலன்னா அவ கழுவியிருக்க மாட்டா. அப்படிப் பாத்தா ஜலதோசந்தான குத்தவாளி. இப்படியே போயிப் போயி கடைசில ஜலதோசத்தக் குடுத்த மழை மேல பழியப் போட்டுட்டுத் தூங்கிருவேன். ஆனா சோறு எறங்கல. எங்க வீட்டுல வச்ச கொழம்புல உப்பு கம்மியா இருந்தா அழுக வருது, கூட இருந்தா பயம் வருது.

அண்ணாச்சி வேற ஒரு மாதிரி நடமாடுதாரு. வல்லாரைக் கீரைய ஒரு கட்டு வாங்கிட்டு வந்து பச்சையா மெல்லுதாரு. உள்ளங்கையில பேனாவால என்னமோ எழுதி எழுதிப் பாத்துக்கிடுதாரு. எங்கிட்ட வந்து, 'நம்பி, இன்னைக்கு என்ன கெழமை?'ங்காரு. 'வியாழன்'னா, 'நானும் அதான் நெனச்சேன்'னு சந்தோசப்படுதாரு. மனுசனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு வெளங்கல. கேக்கவும் இல்ல. நம்ம வேலை இல்லல்லா.

மூணாம் நாளு வடிவு உக்கிராணத்துக்கு வந்தா. அருவாமணையக் கழுவித் தொடச்சு, ஒரு துணியில சுத்திக் கொண்டாந்து வச்சா. நாளையோட நிப்பாட்டிருவாவளாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல பாத்திரம் கழுவக் கேட்டிருக்காளாம். எம்மேல கோவமா இருப்பான்னு நெனச்சேன். கோவமா இருந்திருக்கலாம். நான் பொழச்சிருப்பேன்.

"அண்ணே, அந்த வகுப்புல கடைசியா ஒண்ணு சொன்னாருன்னீங்களே. அது எனக்கு மறந்துட்டு. போற எடத்துலயாவது சரியா இருக்கணும்லா. இன்னொரு தடவ சொல்லுங்க."

என்ன சொல்லியிருந்தாரு தெரியுமா அந்தக் கோட்டுக்காரரு? 'தப்பு நடந்தா, மொதல்ல தூக்குற கை உங்க கையா இருக்கட்டும்.' அத நான் அவகிட்ட என் வாயால சொல்லணும். சொன்னேன் சார். மொளகா மூடையப் பாத்துக்கிட்டே சொன்னேன். அவ கேட்டுட்டு ஒரு தடவ தானும் சொல்லிப் பாத்தா. "அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்"ன்னா. மொகத்துல அம்புட்டு நிம்மதி. "ரொம்ப நன்றிண்ணே"ன்னுட்டுப் போயிட்டா.

அவளுக்கு விசயம் தெரியுமோ தெரியாதோ, இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. கதவச் சாத்திட்டு மொளகா மூடை மேல ஒக்காந்து அழுதேன். மொளகா நெடின்னு வச்சிக்கிடுங்களேன். வெக்கமா இருந்தது. நாப்பத்தாறு வயசுல மொத தடவையா எனக்கு எம்மேல வெக்கமா இருந்தது.

நேர மேடம் ரூமுக்குப் போனேன். வழி நெடுக ஒரு பேச்சு தயார் பண்ணிட்டுப் போனேன். 'மேடம், நான் இந்தக் கோயிலுக்கு வந்தது பதினெட்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஆவணி மாசம்'னு ஆரம்பிச்சேன். மேடம் அறிக்கையக் கவருக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தாவ. "விசயத்தச் சொல்லுங்க நம்பிராஜன்"ன்னாவ. பேச்சு எல்லாம் மறந்து போச்சு.

"ஒரு கிண்ணம் உப்பு நான் போட்டேன் மேடம்."

மேடம் கை அப்படியே நின்னுட்டு. நான் எல்லாத்தயும் சொன்னேன். பெருங்காயம் குடுக்கப் போனது, கிண்ணம் நிமிந்திருந்தது, வடிவுக்கு வகுப்பு எடுத்தது, கொட்டாவி, எல்லாம். சொல்லி முடிச்சா பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா வாசப்படியில கோமதிநாயகம் அண்ணாச்சி. கையில ஒரு லீவு லெட்டரு.

"நம்பி, நீ போட்டது நான் தும்மப் போனப்பவா?"

"ஆமா அண்ணாச்சி."

"வடிவு கழுவி நிமித்தி வச்ச பொறவா?"

"ஆமா."

"அப்ப நான் மொதல்ல போட்டதும் கவுத்தினதும் நெசந்தானா?"

நெசந்தான்னேன். அவ்வளவுதான், மனுசன் அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. ஒக்காந்து சிரிக்காரு, கண்ணுலேருந்து தண்ணி ஓடுது. விசயம் என்னன்னா சார், அன்னைக்கு கிண்ணம் நிமிந்திருந்ததப் பாத்ததும், போட்ட மாதிரி ஒரு நெனப்பு அவருக்கு இருந்திருக்கு. ஆனா கிண்ணம் பொய் சொல்லாதே. அப்ப நமக்குத்தான் புத்தி தடுமாறுதுன்னு முடிவு பண்ணிட்டாரு. வடிவு கழுவினதாச் சொன்ன பொறவும், ரெண்டு கிண்ணத்துக்கு இம்புட்டுக் கரிக்காதே, நம்மதான் இன்னொண்ணும் போட்டுட்டு மறந்துட்டோம்னு நெனச்சிருக்காரு. அவங்க அப்பாவுக்குக் கடைசி காலத்துல பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியலயாம். தனக்கும் அது வந்துட்டுன்னு மூணு நாளா வீட்டுல கூடச் சொல்லாம வல்லாரையத் தின்னுக்கிட்டு அலஞ்சிருக்காரு. லீவு லெட்டரு எதுக்குன்னா தலையில ஸ்கேன் எடுக்க.

"மேடம், எனக்கு மறதி இல்ல. மூணாவது கிண்ணம் நான் போட்டேன். எழுதிக்கிடுங்க. ஆனா எனக்கு மறதி இல்ல."

குத்தத்த இப்படிச் சந்தோசமா ஒத்துக்கிட்ட மனுசன நான் பாத்ததில்ல. லெட்டரக் கிழிச்சு மடியில கட்டிக்கிட்டாரு. எனக்கு அப்பந்தான் ஒறச்சுது. நான் என் தோலக் காப்பாத்த வாய மூடிக்கிட்டு இருந்த மூணு நாளும், இந்த மனுசன் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஒருத்தியோட வேலை மட்டுமில்ல சார், ஒருத்தரோட புத்தியையே நான் கையில வச்சிக்கிட்டுத் தரமாட்டேன்னு ஒக்காந்திருந்தேன்.

மேடம் கவரப் பிரிச்சாவ. அறிக்கையில வடிவு பேர அடிச்சாவ. 'வகுப்புக்கு அனுப்பினது நான். சமையக்கட்டுல யாரு எதத் தொடலாம்னு சொல்லாம விட்டதும் நான்'னு மொதல்ல தன் பேர எழுதி, பொறவுதான் எங்க ரெண்டு பேரு பேரையும் எழுதினாவ. மேலிடத்துக்கு அது பத்தல. நடவடிக்கைன்னு ஒண்ணு வேணும்னுட்டாவ. அண்ணாச்சிக்கு எச்சரிக்கை. எனக்கு ஆறு மாசம் செருப்புக் காப்பகம். சரியான அளவுல உப்புப் போட்டவனுக்கு இந்தத் தண்டனை. இத எங்க போயிச் சொல்ல?

வடிவு பேரு ஒண்ணாந் தேதி பட்டியல்ல போச்சு. நிரந்தரமும் ஆயிட்டு. இப்பம் உக்கிராணத்துச் சாவி அவ இடுப்புல. ரவா டின்னக் கவுத்தி அந்தப் பேட்ஜ எடுத்து எங்கிட்டயே திருப்பித் தந்தா. ஏதோ சாமி பொருளக் குடுக்குற மாதிரி ரெண்டு கையால தந்தா. அந்தா ஆணியில தொங்குது பாருங்க. அதுக்குக் கீழ இருக்குற தண்ணிப் பானை, அன்னைக்குப் பந்தியில 'தண்ணி, தண்ணி'ன்னு கேட்டாவல்லா, அந்தச் சத்தத்துக்காக வாங்கி வச்சது.

இதோட விட்டாவளா? மேடம் ஒரு புது ஏற்பாடு பண்ணிட்டாவ. அம்மனுக்குப் படைச்ச பொறவு, பந்தி போடுததுக்கு முன்னால, ஒரு ஆளு ருசி பாக்கணும். சமைச்சவரு பாக்கக் கூடாது, அவருக்கு அவரு கைப்பக்குவம் சரியாத்தான் தெரியும். வெளி ஆளு பாக்கணும். பாத்தவரு பேரக் கூடத்து வாசல்ல பலகையில எழுதி வைக்கணும். யாரு பாக்கீங்கன்னு கேட்டாவ. நந்தவனத்துக்காரன் கூரையப் பாக்கான், டிக்கெட்டுக்காரன் தரையப் பாக்கான். பதினெட்டு வருசம் நான் பாத்த அதே கூரை, அதே தரை. என் கை தானா மேல போயிட்டு சார். நான் தூக்கல, அதாப் போயிட்டு.

ஆறு மாசம்னு போட்டாவ, இப்ப ஒம்பது மாசம் ஆச்சு. மேடம் ரெண்டு தடவ கூப்பிட்டு, உக்கிராணத்துக்கே திரும்பி வாங்க, வடிவு கூட இருக்கட்டும்னாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். உக்கிராணத்துக்குள்ள போயிட்டா சமையக்கட்டு ஆளு ஆயிருவேன், ருசி பாக்க முடியாது. அதுக்காகச் சொல்லல. இங்க காத்து நல்லா வருது, பாத்துக்கிடுங்க. காத்துக்காகத்தான்.

மணிச் சத்தம் கேட்டுதா? படையல் முடிஞ்சாச்சு. இப்ப வருவா பாருங்க. அந்தா வாரா, தொன்னையில சாம்பாரத் தூக்கிக்கிட்டு. இவதான் சார் செண்பகவடிவு. வடிவு, சார் வெளியூரு. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். குடு.

ம்.

ஒரு கல்லு உப்பு கம்மி. அண்ணாச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. பயந்து பயந்து போடுதாரு மனுசன், அடுத்த மாசம் ஓய்வு பெறப் போறவருக்கு என்ன பயம்? ஒரு கைப்பிடி கரச்சு ஊத்தி, கொதி வந்ததும் எறக்கச் சொல்லு. அப்புறம் பலகையில எம்பேர எழுதிரு. நல்லாப் பெருசா எழுது, நேத்து எழுதினது எனக்கே தெரியல.

அந்தா அம்மா வந்துட்டாவளே. நூத்தியெட்டும் முடிஞ்சிட்டா? ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். கூட்டம் இல்ல, மொதப் பந்தியிலயே எடம் கெடைக்கும். சாப்பாட்டுல ஏதாவது கொற இருந்தா நோட்டுல எழுதாதீங்க சார், ஆபீசுக்கும் போகாதீங்க. நேர எங்கிட்ட வாங்க. எப்படியும் செருப்பு எடுக்க இங்க வந்துதான ஆகணும்.